‘இல்லை’ என்பது மட்டும் விடையாகுமா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், கணிப்பொறி அறிவியல்)



மளிகைக் கடையில் நாம் கேட்ட பொருள் இல்லாவிட்டால், கடைக்காரர் வெறுமனே “இல்லை” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. “சரக்கு வரவில்லை, வெள்ளிக்கிழமை வா” என்கிறார். ‘இல்லை’ என்ற சொல் ஏமாற்றம் தருகிறது. கூடவே வரும் காரணமோ அடுத்து என்ன செய்வதென்று வழி காட்டுகிறது. ஏட்டுப் படிப்பு அறியாதவர்க்கும் இயல்பாக வரும் இந்தப் பண்பு, பெரும் பொருட்செலவில் நாம் நிறுவியிருக்கும் கணிப்பொறிகளிடம் ஏன் காணப்படவில்லை? கணிப்பொறிக்குக் காரணம் தெரிகிறது. அதைக் கேட்டு வாங்கி மக்களிடம் சேர்க்க நிரல் எழுதுகிறவர்கள்தாம் மறந்துவிடுகிறார்கள் என்பது என் கருத்து. அதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசற்படியை முதன்முதலில் மிதித்தவன் நான். ஆகவே நூலில் படித்ததைவிட வீட்டில் பட்டதையே முதலில் சொல்ல விரும்புகிறேன்.

மூன்று நாள் கூலி

சென்ற ஆண்டு கல்வி உதவித்தொகைக்காக ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. எனக்குத் தேர்வு நேரம். அதனால் அப்பாவே விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போனார். அவர் விவசாயக் கூலி. அறுவடைக் காலத்தில் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த நாள் கூலி போனது போனதுதான்.

முதல் நாள் சாளரத்தில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, “ஏத்துக்கல பெரியவரே, நாளைக்கு வாங்க” என்றார். “இன்னா காரணம் சார்?” என்று அப்பா கேட்டார். “சர்வர் ப்ராப்ளமா இருக்கும்” என்பது பதில். இரண்டாம் நாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் நாள் தேர்வு முடிந்து நானும் உடன் போனேன். அன்று வேறொருவர் இருந்தார். அவர் எங்கள் விண்ணப்ப எண்ணை இன்னொரு பக்கத்தில் இட்டுப் பார்த்தார். அங்கே ஒரே வரியில் எழுதியிருந்தது: தந்தை பெயர் குடும்ப அட்டையோடு பொருந்தவில்லை. விண்ணப்பத்தில் ‘ன்’ வர வேண்டிய இடத்தில் ‘ண்’ விழுந்திருந்தது. திருத்துவதற்கு ஐந்து நிமிடம் ஆயிற்று.

அந்த வரிக்கு அருகில் ஒரு தேதியும் இருந்தது. அது நாங்கள் விண்ணப்பித்த முதல் நாளின் தேதி. திரும்பி வரும்போது பேருந்தில் அப்பா சொன்னார்: “மெஷினுக்கு மொத நாளே தெரிஞ்சிருக்குது. நமக்குதான் சொல்லல.”

கணிப்பொறி அறிவியல் படிக்கும் எனக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. சாளரத்தில் இருந்தவர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் முன்னால் இருந்த திரையில் காரணம் வரவில்லை. காரணத்தைத் திரைக்குக் கொண்டு வராத நிரலை எழுதியவர் யாரோ ஒருவர். நாளை அந்த நாற்காலியில் அமரப் போகிறவர்கள் நாம் அல்லவா?

பெட்டிக்குள் இருக்கும் விதி

கணிப்பொறி படிக்காத தோழர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். ஓர் அலுவலகத்தின் பதிவேடுகளெல்லாம் இன்று தரவுத்தளத்தில் இருக்கின்றன. பதிவுகளை அட்டவணைகளாக அடுக்கும் முறையை 1970இல் எட்கர் காட் என்ற அறிஞர் வகுத்துத் தந்தார். பதிவுகளைப் போலவே அவற்றை ஆளும் விதிகளையும் தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதி வைக்கலாம். அப்படி எழுதி வைக்கும் நிரலுக்கு ‘ஸ்டோர்டு புரொசீஜர்’ என்று பெயர். சேமித்த நடைமுறை என்று தமிழில் சொல்லலாம். 1987இல் வெளிவந்த சைபேஸ் தரவுத்தளத்திலும், 1992இல் ஆரக்கிளின் 7ஆம் பதிப்பிலும், 2005இல் மைஎஸ்கியூஎல் 5.0 பதிப்பிலும் இந்த வசதி வந்தது.

நாம் ஆய்வகத்தில் செய்த நூலகப் பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். உறுப்பினர் எண், நூல் எண் ஆகிய இரண்டையும் உள்ளே அனுப்புகிறோம். நடைமுறை நான்கு செய்திகளைச் சரிபார்க்கிறது. நூல் வேறொருவரிடம் இருக்கிறதா? இவரிடம் ஏற்கெனவே மூன்று நூல்கள் உள்ளனவா? அபராதம் பாக்கியா? உறுப்பினர் காலம் முடிந்துவிட்டதா? எல்லாம் சரியென்றால் நூலை வழங்கியதாகப் பதிவு செய்கிறது, இல்லையென்றால் மறுக்கிறது.

மறுக்கிற அந்த நொடியில், நான்கில் எந்தக் காரணம் என்பது நடைமுறைக்குத் தெளிவாகத் தெரியும். தெரியாமல் மறுக்கவே இயலாது. அந்தக் காரணத்தை வெளியே அனுப்பத்தான் ‘அவுட் பாராமீட்டர்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆரக்கிளில் ‘இன்’ என்று குறித்தது உள்ளே போகும்; ‘அவுட்’ என்று குறித்தது வெளியே வரும்; ‘இன் அவுட்’ என்று குறித்தது போய்த் திரும்பும்.

கையை நீட்டினால்தான் கிடைக்கும்

இங்கேதான் பலரும் தவறுகிறோம். உள்ளே ஒருவர் காரணத்தைச் சொன்னால் போதாது. வெளியே இருக்கும் நிரல் அதைப் பெற்றுக்கொள்ள முன்கூட்டியே இடம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

ஜாவா மொழியில் ‘காலபிள் ஸ்டேட்மென்ட்’ வழியாக நடைமுறையை அழைக்கிறோம். அதை ஓட்டுவதற்கு முன்பே, “இந்த இடத்தில் இந்த வகையான விடை வரும்” என்று ‘ரிஜிஸ்டர் அவுட் பாராமீட்டர்’ மூலம் பதிந்து வைக்க வேண்டும். ஓட்டி முடித்த பிறகு அந்த இடத்திலிருந்து விடையை எடுக்க வேண்டும். ஆரக்கிளோடு பேசும்போது பதியாமல் விட்டால், அந்த இடத்துக்குரிய பாராமீட்டர் இல்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். கண்டிப்பான ஆசிரியரைப் போல அது நமக்கு நன்மையே செய்கிறது.

மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரில் நிலைமை வேறு. அங்கே நடைமுறையை எழுதும்போதும் ‘அவுட்புட்’ என்று குறிக்க வேண்டும். அந்த மொழியிலேயே அதை அழைக்கும்போதும் மறுபடி குறிக்க வேண்டும். அழைக்கும் இடத்தில் அந்த ஒரு சொல்லை மறந்தால் எந்தப் பிழையும் தோன்றாது. நடைமுறை ஓடும், காரணமும் உள்ளே கணக்கிடப்படும், நம் கைக்கு மட்டும் வந்து சேராது. நிரல் சரியாக ஓடியது என்றே நாம் நம்பிக்கொண்டிருப்போம்.

இன்னொரு பள்ளமும் உண்டு. நடைமுறை ஒரு பட்டியலையும், அவுட் பாராமீட்டரையும் சேர்த்தே அனுப்பலாம். டாட்நெட் நிரலில் பட்டியலை வரி வரியாகப் படித்துக்கொண்டிருக்கும்போதே அவுட் பாராமீட்டரைப் பார்த்தால் அங்கே ஒன்றும் இருக்காது. பட்டியலை முழுதும் படித்து, படிப்பானை மூடிய பிறகே அதில் மதிப்பு நிரம்பும். ஜாவாவிலும் பட்டியலை முதலில் முடித்துவிட்டு அவுட் பாராமீட்டரை எடுப்பதே பாதுகாப்பான முறை. அவசரப்பட்டு முன்னதாகப் பார்த்துவிட்டுக் “காரணம் எதுவும் வரவில்லை” என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு.

தமிழர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தியும் ஒன்று இருக்கிறது. எழுத்து வடிவில் விடை வருமானால் அதற்கு எவ்வளவு நீளம் என்று டாட்நெட் நிரலில் குறிக்க வேண்டும். குறைத்துக் குறித்தால் விடை வெட்டுப்படும். ‘உத்திரமேரூர்’ என்பது நம் கணக்கில் ஏழெழுத்து. யூனிகோடு முறையில் கணிப்பொறிக்கோ அது 12 இடம். புள்ளிக்கும் கொம்புக்கும் கூடத் தனி இடம் வேண்டும். பத்திடம் போதுமென்று எழுதினால் ‘உத்திரமேரூ’ என்று நிற்கும். யூனிகோடு ஏற்காத வகையைத் தேர்ந்தெடுத்தாலோ, தமிழெழுத்துகள் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகளாக வந்து விழும்.

இவ்வளவு எழுதும் நானும் குற்றமற்றவன் அல்லன். நூலகப் பயிற்சியில் காரணத்தை முறைப்படி வாங்கி ஒரு மாறியில் வைத்தேன். திரையில் மட்டும் “நூல் வழங்கப்படவில்லை” என்று காட்டிவிட்டு முடித்துவிட்டேன். பயிற்சிக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. பக்கத்து இருக்கைத் தோழன்தான், “ஏன்டா குடுக்கல? அத போடலியே” என்று கேட்டான். அந்தக் கேள்வியை அன்று சிரித்துத் தள்ளினேன். அப்பாவின் மூன்று நாள் கூலி போன பிறகுதான் அதன் பொருள் விளங்கியது.

நம்மூர்க் கல்வெட்டு சொல்லும் பாடம்

விதியை எழுதி வைப்பதும், விதிப்படி வந்த விடையை ஒளிக்காமல் அறிவிப்பதும் நம்மூருக்குப் புதியவை அல்ல. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில், குடவோலைத் தேர்தல் முறை அங்கே கல்லில் வெட்டப்பட்டது. முதலில் எழுதிய விதியை இரண்டே ஆண்டுகளில் விரிவாக்கித் திருத்தியிருக்கிறார்கள்.

ஊரில் 30 குடும்புகள். தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்து நடுவரிடம் கொடுப்பான். நடுவர் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையை நீட்டி அந்த ஓலையை வாங்க வேண்டும். வாங்கியதை உரக்கப் படிக்க வேண்டும். மண்டபத்தில் கூடியிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதையே படிக்க வேண்டும். அதன் பிறகே அப்பெயரை எழுதிக்கொள்வார்கள்.

இந்த முறையைப் படித்தபோது எனக்கு நம் ஆய்வகப் பாடமே நினைவுக்கு வந்தது. விடை வருமுன் விரித்த கையை நீட்டுவது, வந்த விடையைப் பலரறிய வாசிப்பது, பிறகு பதிவது என்ற ஒழுங்கு அதில் இருக்கிறது. வாங்கிய ஓலையை நடுவர் மடியில் செருகிக்கொண்டு, “ஆள் தேர்ந்தாயிற்று, போய் வாருங்கள்” என்று சொல்ல அந்த விதியில் இடமில்லை.

அதைவிட முக்கியமானது மறுப்பைப் பற்றிய பகுதி. யார் பெயரைக் குடத்தில் இடலாகாது என்பதையும் அதே சுவரில் எழுதியிருக்கிறார்கள். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். வேத அறிவு வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. ஒருவர் பெயர் தள்ளப்பட்டால், எந்த விதியால் தள்ளப்பட்டது என்று சுவரைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம்.

இந்த இடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அது அந்தணர்க்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை. நிலமில்லாத என் போன்றோர் வீட்டுப் பெயர் அந்தக் குடத்தில் விழுந்திருக்காது. நம் சகோதரிகள் பெயரும் விழுந்திருக்காது. அந்தக் கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் கதவு ஏன் மூடியது என்பதையாவது வெளிச்சுவரில் எழுதி வைத்தார்கள். இன்று அரசியல் சட்டம் நம் எல்லோருக்கும் கதவைத் திறந்திருக்கிறது. அப்படித் திறந்த கதவு ஓர் எழுத்துப் பிழையால் சாத்திக்கொள்ளும்போது, அதன் காரணம் மட்டும் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கலாமா?

பழுது வேறு, மறுப்பு வேறு

“சர்வர் ப்ராப்ளம்” என்ற இரண்டு சொற்களால் இன்று எல்லாவற்றையும் மூடிவிடுகிறோம். கம்பி அறுந்தாலும் அதே சொல்தான். மின்சாரம் போனாலும் அதே சொல்தான். விண்ணப்பம் விதிப்படி தள்ளப்பட்டாலும் அதே சொல்தான். இவை ஒன்றாகுமா? பழுது என்றால் நாளை வந்தால் சரியாகியிருக்கக்கூடும். மறுப்பு என்றால் நாளை வந்தாலும், நாளை மறுநாள் வந்தாலும் அதே விடைதான். இரண்டையும் பிரித்துச் சொல்லாததனால்தான் என் தந்தை இரண்டாம் நாளும் வேலையை விட்டுவிட்டுப் போனார்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஆதார் சரிபார்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கைரேகையை அனுப்பினால், ஆணையத்தின் கணிப்பொறி ஆம், இல்லை என்பதை ஓரெழுத்தில் திருப்பி அனுப்புகிறது. ‘இல்லை’ என்றால் கூடவே காரண எண்ணும் வருகிறது. 300 என்றால் ரேகை பொருந்தவில்லை. 330 என்றால் ஆதார் உடையவரே தம் ரேகையைப் பூட்டி வைத்திருக்கிறார். 811 என்றால் அவருடைய ரேகையே பதிவில் இல்லை. முதலாமவர் கையைத் துடைத்துவிட்டு வேறு விரலை வைத்துப் பார்க்கலாம். இரண்டாமவர் பூட்டைத் திறக்க வேண்டும். மூன்றாமவர் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். மூவருக்கும் “ஃபெயில்” என்று ஒரே சொல்லைக் காட்டினால், மூவரும் ஒரே விரலை மீண்டும் மீண்டும் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். நாற்று நட்டும் நெசவு செய்தும் ரேகை தேய்ந்த கைகள் நிறைந்த நம் பகுதியில் இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் நம் பக்கமே நிற்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 4ஆம் பிரிவு, பொது அதிகார அமைப்பு எடுக்கும் நிருவாக முடிவுகளுக்கான காரணங்களை, அவற்றால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அவர்கள் கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்று அது சொல்லவில்லை. அமைப்பு தானாகச் செய்ய வேண்டிய கடமைகளின் வரிசையில் இதை வைத்திருக்கிறது. ஆகவே காரணத்தைத் திரைக்குக் கொண்டு வருவது, நிரல் எழுதுபவர் மனமிரங்கிச் செய்யும் உதவியன்று. மக்களுக்குச் செலுத்த வேண்டிய கடன்.

மறுப்போர்க்கு மறுமொழி

“காரணம் சொன்னால் பாமர மக்களுக்குப் புரியுமா?” என்று சிலர் கேட்கக்கூடும். 300, 330 என்ற எண்களைச் சொன்னால் புரியாதுதான். “தந்தை பெயர் பொருந்தவில்லை” என்று தமிழில் சொன்னால் புரியாத தந்தை யார்? எண்ணைத் தமிழ் வாக்கியமாக மாற்ற ஒரு சிறிய அட்டவணை போதும்.

“எல்லாக் காரணத்தையும் சொன்னால் திருடர்க்கு உதவாதா?” என்றும் கேட்கலாம். இதில் நியாயம் உண்டு. கடவுச்சொல் தவறானபோது, பெயர் தவறா, சொல் தவறா என்று பிரித்துச் சொல்லாமல் இருப்பது நல்ல பாதுகாப்பு முறையே. ஆனால் தன்னை யாரென்று உறுதிப்படுத்திக்கொண்டு, தன் விண்ணப்பம் ஏன் தள்ளப்பட்டது என்று கேட்கும் குடிமகனும், பிறர் கணக்கில் நுழையப் பார்க்கும் திருடனும் ஒன்றல்லர். பூட்டின் இரகசியத்தைக் காப்போம்; விண்ணப்பத்தின் காரணத்தைச் சொல்வோம்.

“சேமித்த நடைமுறைகள் பழைய முறை, விதிகளை வெளி நிரலிலேயே எழுதலாமே” என்பாரும் உளர். எழுதலாம். விதி எங்கே இருந்தாலும் அது மறுக்கும்போது காரணத்தோடு மறுக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். ஒரு விதியைப் பல நிரல்கள் அழைக்கும் இடங்களில் இந்தக் கடமை இன்னும் கூடுகிறது.

நாம் செய்ய வேண்டுவன

என் சிற்றறிவுக்கு எட்டிய மூன்று செய்திகளைத் தோழர்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, நாம் எழுதும் ஒவ்வொரு நடைமுறையிலும் விளைவுக்கு ஒன்று, காரணத்துக்கு ஒன்று என இரண்டு அவுட் பாராமீட்டர்கள் வைப்போம். பழுதானால் அதைப் பழுதென்றே தனியாக அறிவிப்போம்.

இரண்டாவது, காரணத்தை வாங்கியதோடு நிறுத்தாமல் தமிழில் திரையில் காட்டுவோம். சாளரத்தில் இருப்பவர் படிக்க ஒரு வரி, வெளியே நிற்பவர் கையில் கொடுக்க ஒரு சீட்டு என்று இரண்டும் வேண்டும்.

மூன்றாவது, ஆய்வகத்தில் ‘ஆம்’ வரும் வழியை மட்டும் சோதிக்கிறோம். நூல் வழங்கப்பட்டது என்று வந்தவுடன் கைதட்டிவிட்டு எழுந்துவிடுகிறோம். இனி ‘இல்லை’ வரும் நான்கு வழிகளையும் ஒவ்வொன்றாகச் சோதிப்போம். பேராசிரியப் பெருமக்களும் அதற்கென்று மதிப்பெண் ஒதுக்கினால் மாணவர்கள் தாமாகவே கற்றுக்கொள்வார்கள் என்று பணிவோடு வேண்டுகிறேன்.

சான்றிதழ் பின்னர் முறைப்படி கிடைத்தது, உதவித்தொகையும் வந்தது. போன மூன்று நாள் கூலி திரும்பி வரவில்லை. நான் படித்து முடித்து நிரல் எழுதும் பணிக்குப் போனால், என் நிரல் மறுக்கும் ஒவ்வொருவருக்கும் அது ஏன் மறுத்தது என்பதைச் சொல்லியனுப்பும். அப்பாவுக்கு நான் கொடுத்திருக்கும் வாக்கு அது. இதைப் படிக்கும் கணிப்பொறித் துறைத் தோழர்களும் தத்தம் வீட்டில் அதே வாக்கைக் கொடுப்பார்களாக!